தனுஷ்கோடியில் வெள்ளைக் கடற்காகம்: அல்பினோவா, வெயிலில் வெளுத்ததா?

வாசகர் கேள்வி: ஏப்ரல் கடைசியில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில், பெரிய கடற்காகங்களுக்கு நடுவே ஏறக்குறைய முழு வெள்ளையாக ஒன்று நின்றது. இறக்கை நுனி மட்டும் பால் அதிகம் விட்ட காபி நிறம். அலகு கறுப்பு, கால் வெளிர் ரோஜா நிறம். முதுகில் நாலைந்து சாம்பல் இறகுகள். கையேட்டில் பார்த்தால் வடதுருவத்துக் கிளாக்கஸ் கடற்காகம் போல இருக்கிறது. நண்பர் அல்பினோ என்கிறார். எது சரி?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இரண்டுமே இல்லை. அது பிறந்து ஓராண்டு நிறையாத ஹியூக்ளின் கடற்காகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெயிலில் வெளுத்துப்போயிருக்கிறது.

ஹியூக்ளின் குஞ்சுகள் வட ரஷ்யாவின் தூந்திரப் பகுதியில் கோடையில் பிறக்கின்றன. கூட்டிலிருந்து கிளம்பும்போது முளைத்திருக்கும் பறப்பு இறகுகளைத்தான் அடுத்த கோடைவரை வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இறகுகளோடு நம் கரைவரை பறந்து வந்து, மாதக்கணக்கில் திறந்த மணல்வெளியில் உப்புக்காற்றிலும் வெயிலிலும் நிற்கின்றன. இறகின் பழுப்புக்கும் கறுப்புக்கும் காரணம் மெலனின் என்ற நிறமி. நிறம் தருவதோடு இறகுக்கு உறுதியும் தருகிறது. பெரும்பாலான கடற்காகங்களின் இறக்கை நுனி கறுப்பாக இருப்பதில் இந்த நன்மை உண்டு. அதிகம் தேயும் இடம் அதுதான். இளம்பறவையின் உடலில் மெலனின் குறைவான வெளிர் ஓரங்கள் முதலில் தேய்ந்து உதிரும், பழுப்புப் பகுதிகள் வெளிறும். ஏப்ரல், மே வாக்கில் பறவை அழுக்கு வெள்ளையாகத் தெரியும்.

வெளுப்பு எங்கே நின்றுவிட்டது என்று பார்ப்பதுதான் சோதனை. கொடியில் நாள்கணக்கில் கிடந்த சட்டையின் மடிப்புக்குள் பழைய நிறம் அப்படியே இருக்குமல்லவா, அதேபோல மேல் இறகு மூடிக் காத்த பகுதியில் அடி இறகின் பழைய பழுப்பு மிஞ்சியிருக்கும். பறவை இறக்கையை விரிக்கும்போது எடுத்த படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். இறகு நுனிகள் பிய்ந்து நார்நாராக இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். முதுகில் நீங்கள் பார்த்த சாம்பல் இறகுகள் குளிர்காலத்தில் புதிதாக முளைத்தவை. புதியவற்றில் நிறம் சரியாக இருக்கிறது என்றால், நிறமி தயாரிப்பதில் இந்தப் பறவைக்குக் கோளாறு ஏதும் இல்லை.

அடுத்தது கிளாக்கஸ். வடதுருவத்தை ஒட்டி இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் வட அட்லாண்டிக், வட பசிபிக் கரைகளுக்கு இறங்கும் பறவை அது. நம் கரையில் எதிர்பார்க்கவே வேண்டாத ஒன்று. தூரத்தை மட்டும் காரணமாக வைத்து நான் அதை விலக்கவில்லை. இளம் கிளாக்கஸின் அலகு ரோஜா நிறத்தில் இருக்கும், நுனி மட்டும் கத்தரித்து ஒட்டியது போலத் தெளிவான கறுப்பு. உங்கள் பறவைக்கு அலகு முழுவதும் கறுப்பு. கிளாக்கஸின் இறக்கை நுனி உடலின் மற்றப் பகுதிகளைவிட வெளிறியோ அதே அளவிலோ இருக்கும். வெயிலில் வெளுத்த பறவையில் எவ்வளவு மங்கினாலும் அந்த நுனிதான் உள்ளதிலேயே அடர்ந்த இடம். உங்கள் காபி நிறமும் அதைத்தான் சொல்கிறது. அப்புறம் உடலமைப்பு: கிளாக்கஸ் தடித்தது, நிற்கும்போது இறக்கை வாலைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீளும். ஹியூக்ளின் நெடுந்தூரம் வலசை போகும் பறவை. இறக்கை வாலைத் தாண்டி நன்றாக நீண்டு கூராக முடியும். நிறம் வெளுக்கும், உடலமைப்பு வெளுக்காது. அதனால் எந்த வெளிறிய கடற்காகத்தையும் முதலில் உருவத்தை வைத்தே எடைபோடுங்கள்.

நண்பர் சொன்ன அல்பினோவுக்கு மெலனின் அறவே இருக்காது, கண்ணே சிவந்து தெரியும், அலகு கறுப்பாக இருக்க முடியாது. பார்வையும் மோசமாக இருப்பதால் காட்டில் இப்படிப்பட்ட பறவைகள் வளர்ந்து பெரிதாவதே அபூர்வம். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அல்பினோ என்று எழுதும் பழக்கத்தை நாம் விட வேண்டும். லூசிசம் என்பது சில இறகுகளுக்கோ எல்லா இறகுகளுக்குமோ நிறமி போய்ச்சேராத பிறவிக் கோளாறு. அது உள்ள பறவைக்குக் கண் வழக்கம்போல் கறுப்பாக இருக்கும். ஆனால் பாதிக்கப்பட்ட இறகுகள் பழுப்பின் சாயலே இல்லாத தூய வெள்ளை, முளைக்கும்போதே அப்படித்தான்.

இன்னொரு குழப்பமும் தனுஷ்கோடியில் நடக்கும். வளர்ந்த பல்லாஸ் கடற்காகத்தின் இறக்கை நுனி பெரும்பாலும் வெள்ளை, கறுப்பு கொஞ்சம்தான். குளிர்காலத்தில் தலைக் கறுப்பும் போய்விடுவதால் தூரத்திலிருந்து 'வெள்ளை நுனி கொண்ட பெரிய கடற்காகம்' என்று ஏமாந்துவிடலாம். கண்ணுக்குப் பின்னே கரிய திட்டும், மஞ்சள் அலகில் கறுப்புப் பட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேமராவும் ஏமாற்றும். கருநீலக் கடலைப் பின்னணியாக வைத்தால் அது பறவையைத் தேவைக்குமேல் வெளிச்சமாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுங்கள். பக்கத்தில் நிற்கும் சாதாரணக் கடற்காகம் ஒன்றும் அதே படத்தில் இருக்கட்டும், ஒப்பிட உதவும்.

பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதியும்போது படங்களைச் சேர்த்து ஹியூக்ளின் என்றே போடலாம். உருவம் தெளிவாகத் தெரியாத படமென்றால் இனம் குறிக்காமல் 'பெரிய கடற்காகம்' என்று விடுவது நேர்மை.

இளம்பறவைகளில் சில கோடையிலும் திரும்பாமல் தங்கிவிடும். ஜூன் மாதம் அந்தப் பக்கம் போனால் தேடிப் பாருங்கள். இறக்கையின் வெளிப்பாதியில் உள்ள நீண்ட பறப்பு இறகுகளில் நுனியிலிருந்து தள்ளி உள்பக்கமாக இருப்பவைதான் முதலில் உதிரும். அந்த இடத்தில் கருமையாகப் புது இறகு முளைத்தால் வெயில்தான் காரணம் என்பது உறுதி. மறுபடியும் வெள்ளையாகவே முளைத்தால் நான் சொன்னது தவறு, அது லூசிசம்தான். அந்தப் படத்தை அவசியம் எனக்கு அனுப்புங்கள்.