புதிதாக வந்தவனை வெளியேற்றினால் மூட்டைப்பூச்சி போகாது

நண்பரே, எட்டுப் பேர் தங்கும் அறை, ஒரே கட்டிலில் பகலில் ஒருவர், இரவில் ஒருவர். மூட்டைப்பூச்சி வந்ததும் ஊரிலிருந்து புதிதாக வந்த பையனை வெளியேற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். யார் பையில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கடித்தாலும் சிலருக்குத் தடிப்பே வராது; "என்னைக் கடிக்கவில்லையே" என்று சத்தம் போடுபவரின் கட்டிலை முதலில் பாருங்கள்.

உங்கள் அறையில் கட்டில் காலியாவதே இல்லை. பூச்சிக்கு வேறென்ன வேண்டும்? இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவரையும் அது விடாது. ஒரு விடுமுறை நாளில் எல்லாரும் சேர்ந்து இறங்குங்கள். போர்வை, உறை, துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கட்டிலின் மூட்டுகள், மெத்தையின் தையல், சுவர் விரிசல், முக்கியமாகக் கட்டிலுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும் பயணப்பைகள் (இவற்றைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்) எதையும் விடாமல் சோதித்து மருந்தடியுங்கள். பல மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. அது சுமார் பத்து நாளில் பொரிந்துவிடும். எனவே இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மருந்தடிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் ஊற்றும் யோசனை வேண்டவே வேண்டாம்; அதே அறையில்தானே சமைக்கிறீர்கள்!

உங்கள் அறைக்கு மட்டும் மருந்தடித்தால் பூச்சி பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வரும். ஆகவே அடுத்த அறைக்காரர்களையும் அழைத்துக்கொண்டு வீட்டு உரிமையாளரிடம் போங்கள். தனியாகப் போனால் உங்கள் சுத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்.