தரம் 3 மகளுக்கு வாசிக்க வரவில்லை: சட்டத்தில் வழி இருக்கிறதா?

கேள்வி: மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகள் தரம் 3 படிக்கிறாள். பாட்டு, பாடம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறாள். புதிதாக ஒரு வரியைக் காட்டினால் முழிக்கிறாள். டீச்சரிடம் கேட்டால் "போகப் போக வந்துவிடும்" என்கிறார். அமெரிக்காவில் சில மாநிலங்களில் பிள்ளைகளுக்கு வாசிப்பு கற்பிப்பதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று என் தம்பி போனில் படித்துச் சொன்னான். நம் நாட்டில் அப்படி உண்டா? நான் யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: சகோதரி, "போகப் போக வந்துவிடும்" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பேச்சு அப்படி வரும். எழுத்தைக் கூட்டி வாசிப்பதை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். தரம் 3 முடிந்ததும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பேச்சு தொடங்கிவிடும், அப்புறம் வகுப்பின் கவனமெல்லாம் புள்ளி எடுக்கக்கூடிய பிள்ளைகள் பக்கம் போய்விடும். இப்போதே கேட்டது நல்லது.

முதலில் சட்டம். தம்பி படித்தது உண்மைதான். அதில் அதிகம் பேசப்படுவது மிசிசிப்பி மாநிலம் 2013 இல் கொண்டுவந்த சட்டம். ஆரம்ப வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் ஆண்டுக்கு மூன்று தடவை பார்க்க வேண்டும். பிள்ளை பின்தங்கியிருந்தால் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பலவீனமான பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை மாநிலமே அனுப்பியது. அவர்கள் டீச்சரின் பக்கத்திலேயே நின்று, பாடம் நடக்கும்போதே எப்படிச் செய்வதென்று காட்டினார்கள். பணியிலிருந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புதிதாக ஆரம்பப் பிரிவுக்கு வருபவர், வாசிப்பை எப்படிக் கற்பிப்பது என்பதில் தனிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்றும் பின்னர் வைத்தார்கள். அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்று அது. நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013 இல் நாட்டிலேயே 49 ஆம் இடத்தில் இருந்தது, 2024 இல் 9 ஆம் இடத்துக்கு வந்தது. சட்டத்தோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடி 50 லட்சம் டொலர் பணமும் ஒதுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை, சில விதிவிலக்குகள் தவிர, அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பது. நம் மலையகத்தில் அதைச் செய்தால், ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காததற்கு ஏழு எட்டு வயதுப் பிள்ளை தண்டனை அனுபவிக்கும். அந்தப் பகுதி நமக்கு வேண்டாம்.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1998 இல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கட்டாயக் கல்வி வந்தது, 2016 இல் அது 16 வயதாக உயர்ந்தது. அந்த விதி பிள்ளை பாடசாலைக்கு வருகிறதா என்று பார்க்கும். வந்த பிள்ளைக்கு வாசிப்பு வந்ததா என்று பார்க்காது. தோட்டப் பிள்ளைகளின் கதை ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1920 கல்விச் சட்டம் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பைத் துரைமார் மேல் போட்டது. 1945 இல் வந்த இலவசக் கல்வி லயத்துப் பிள்ளைகளை எட்டவில்லை. 1970களில்தான் அரசாங்கம் தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் கட்டடம் யாருடையது, பெயர் எந்தப் பதிவேட்டில் என்றுதான் சட்டம் பேசியது. அந்தக் கட்டடத்துக்குள் "கெ"யையும் "கே"யையும் யார், எப்படிக் கற்பிப்பது என்று பேசவே இல்லை.

ஆசிரியர் பயிற்சிக்கு மட்டும் சட்டம் உண்டு. 1985 இல் தேசிய கல்வி நிறுவகத்துக்கும் 1986 இல் கல்வியியல் கல்லூரிகளுக்கும் தனித்தனியே சட்டங்கள் வந்தன. பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். அங்கே ஆரம்பக் கல்விப் பயிற்சி முடித்து வரும் ஆசிரியர்கள் நன்றாகவே கற்பிக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் 2015 வாக்கில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தபோது, பலர் முதலில் வகுப்புக்குப் போனார்கள், பிறகுதான் பயிற்சிக்குப் போனார்கள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் தொடங்கிய இளைஞர்கள் அவர்கள். உழைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புதிதாக வந்தவரிடம் தரம் 1ஐக் கொடுத்துவிட்டு அனுபவசாலியைப் பெரிய வகுப்புக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைத்தான் குறை சொல்கிறேன்.

மாகாண சபை நியதிச் சட்டம் இயற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். கல்வி மாகாணத்துக்கும் உரிய விடயம்தான். ஆனால் மத்திய மாகாண சபையின் காலம் 2018 இலேயே முடிந்துவிட்டது. சபை கூடாமல் நியதிச் சட்டம் பிறக்காது. ஆக, உங்கள் மகளின் வாசிப்பு அதற்காகக் காத்திருக்க முடியாது. மிசிசிப்பி சட்டத்தில் நல்லதாக இருக்கும் மூன்று விஷயங்களை, அதாவது பிள்ளையைச் சோதிப்பது, பெற்றோருக்கு எழுத்தில் சொல்வது, டீச்சருக்கு வகுப்பிலேயே உதவுவது ஆகியவற்றை, இருக்கிற ஏற்பாட்டுக்குள்ளேயே நீங்கள் கேட்கலாம்.

கேட்கப் போகும் முன் மகள் எங்கே தடுக்கி நிற்கிறாள் என்று கண்டுபிடியுங்கள். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஆலோசகராக, அதாவது வகுப்புகளுக்குப் போய் டீச்சர்மாருக்கு வழிகாட்டுபவராக, இருந்த காலத்தில், ஒரு பையன் பக்கம் முழுவதையும் கணீரென்று வாசித்தான். விரல் ஒரு வரியில் இருந்தது, குரல் அடுத்த வரிக்குப் போயிருந்தது. நடுவில் "தேன்" என்ற சொல்லை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மூடினேன். படத்தைப் பார்த்துவிட்டு "பூ" என்றான். பிள்ளை கெட்டிக்காரன், எழுத்து மட்டும் தெரியவில்லை.

மகளுக்கும் அதையே செய்யுங்கள். தரம் 1, 2 புத்தகங்களிலிருந்து தனிச் சொற்களைத் தேயிலைப் பெட்டி அட்டையில் எழுதி, கலைத்துக் காட்டுங்கள். முதலில் படம், மரம், கல் போன்றவை. அடுத்து கால், மீன், பூ என்று நெடில் வருபவை. அப்புறம் தான் கொம்பு. தமிழில் பிள்ளைகள் அதிகம் தடுக்குவது அங்கேதான். "கெ, கே, கை" எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் சத்தம் பின்னால் வருகிறது. "கொ, கோ" எழுத்துகளில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. "கு, சு, து" ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம். 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைத்தால் இதெல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும். கலைத்துக் காட்டினால்தான் உண்மை தெரியும். எந்த அட்டையில் நின்றாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே வாசிப்பு கஷ்டமென்றால் தம்பியை உட்கார வையுங்கள்.

இன்னொன்று, வீட்டில் "வந்துச்சு" என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் "வந்தது" என்று பார்க்கிறது. "வந்துச்சு" என்று அவள் வாசித்தால் அது பிழை என்று அடக்க வேண்டாம். பொருள் புரிந்து வாசிக்கிறாள் என்று அர்த்தம். எழுத்தைக் காட்டி மெதுவாகத் திருத்தினால் போதும். கண்ணையும் காதையும் பார்க்க மறக்காதீர்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழக்கமாகத் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். தரம் 3 இடையில் விழுகிறது, அதனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

சரி, இனி கடிதம். அதிபருக்கு எழுதுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். இப்படி எழுதினால் போதும் (பரிகாரக் கற்பித்தல் என்றால் பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக் கொடுப்பது):

"என் மகள் தரம் 3 இல் கற்கிறார். கொம்பு வரும் எழுத்துகளைக் கூட்டி வாசிக்க அவரால் முடியவில்லை. அவருடைய வாசிப்பு நிலையைப் பார்த்து எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும், பரிகாரக் கற்பித்தல் எந்த நாளில், எந்த நேரத்தில் நடக்கும் என்று கூறவும், ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஆலோசகரை வகுப்புக்கு அழைக்கவும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டீச்சரிடம் அதைக் காட்டிவிட்டுப் போங்கள். ஆலோசகர் வந்தால் அவருக்கும் உதவிதான், அவர் மேல் முறைப்பாடு இல்லை என்று சொல்லுங்கள். ஒரே அறையில் இரண்டு வகுப்பைப் பார்த்துக்கொண்டு, கடைசி பஸ்ஸையும் பிடிக்க வேண்டிய டீச்சருக்கு அந்தச் சொல் பெரிய ஆறுதல். இதே நிலையில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் இருந்தால் தாய்மார் சேர்ந்து கையெழுத்திட்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் பேசுங்கள்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் கோட்டக் கல்விப் பணிப்பாளர், பிறகு ஹட்டன் வலயக் கல்வி அலுவலகம். அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும் சட்டம் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பாடசாலையில் தரம் 1 முதல் 3 வரை கற்பிப்பவர்களில் ஆரம்பக் கல்விப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? இந்த ஆண்டு ஆசிரியர் ஆலோசகர் எந்தெந்தத் திகதியில் வந்தார்? ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதி எடுக்க வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

இந்தக் கடிதங்கள் நடந்துகொண்டிருக்கும்போது வீட்டில் அட்டையை நிறுத்த வேண்டாம். மலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து சொல். தெரிந்த அட்டை ஒரு டப்பாவில், தெரியாதது இன்னொன்றில். டீச்சரைப் பார்க்கப் போகும்போது தெரியாத டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள்.