ஆஸ்டினில் கன்ட்ரி ராக் கேட்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வேலைக்கும் படிப்புக்கும் டெக்சாஸ் வந்திருக்கும் நண்பர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஆஸ்டினும் அதைச் சுற்றியுள்ள மேடைகளும்தான் எனக்குப் பழக்கம், அதனால் அந்த அளவிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஈகிள்ஸ் பாட்டு நாலைந்து தெரியும். கன்ட்ரி ராக் என்றால் அவ்வளவுதானா?

கன்ட்ரி ராக் என்பது அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரியும் ராக்கும் கலந்தது. ஈகிள்ஸ் 1971-ல் லாஸ் ஏஞ்சலஸில் கூடிய குழு. அதற்கு முன்பே, 1968-ல், பேர்ட்ஸ் என்ற ராக் குழு பாடகர் கிராம் பார்சன்ஸைச் சேர்த்துக்கொண்டு, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போய், ஸ்டீல் கிடாரும் (தந்தி மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிடார்) சேர்த்து ஓர் ஆல்பம் பதிவு செய்தது. ராக் டிரம்முக்கு மேல் ஸ்டீல் கிடார் அழுகிற அந்தச் சேர்க்கைதான் ஆரம்பம்.

ஆஸ்டின் கதை வேறு. 1970-ல் ஒரு பழைய ராணுவக் கிடங்கில் ஆர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் என்ற கச்சேரிக் கூடம் திறந்தது. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் நீள முடி வைத்த ஹிப்பி இளைஞர்கள். நாஷ்வில்லை விட்டு டெக்சாஸ் திரும்பிய கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 1972-ல் அங்கே பாடினார். அன்றுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர்களும் ஹிப்பிகளும் ஒரே கூட்டமாக நின்று கேட்டார்கள். 1980 கடைசி நாளோடு அந்த இடம் மூடப்பட்டது. ஆனால் இந்த ஊரில் இன்று கேட்கிற இசையில் பாதி அங்கிருந்து வந்தது என்பேன்.

கேள்வி: ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. எங்கே போகலாம்?

சாயங்காலம் சவுத் காங்கிரஸ் தெருவில் உள்ள கான்டினென்டல் கிளப்பில் தொடங்குங்கள். சின்ன இடம். மேடைக்கும் உங்களுக்கும் நடுவே வேலி ஒன்றும் கிடையாது. முன்மாலைக் கச்சேரி முடிந்ததும் சவுத் லாமரில் இருக்கும் புரோக்கன் ஸ்போக்குக்குப் போய்விடுங்கள். ஜேம்ஸ் வைட் 1964-ல் கட்டிய நடனக் கூடம் அது. 2021-ல் அவர் காலமானார். தாழ்ந்த கூரை, நடுவில் நீளமான ஆடுகளம், இரு பக்கமும் மேசைகள். பக்கத்திலேயே அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன. கூடம் அப்படியே நிற்கிறது. அன்று யார் வாசிக்கிறார்கள் என்பதை மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டிப் ஜாடியில் பணம் போடாமல் வெளியே வராதீர்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் வாசிப்பவருக்கு அந்த ஜாடிதான் சம்பளம்.

கேள்வி: கவ்பாய் தொப்பி, பூட்ஸ் போட்டுத்தான் போகணுமா?

வேண்டாம். சுத்தமான ஜீன்ஸ் போதும். ஆடப் போகிறீர்கள் என்றால் ரப்பர் அடி போட்ட ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும், முழங்காலுக்கு ஆகாது. தோல் அடி இருந்தால் நல்லது.

கேள்வி: அந்த ஸ்டீல் கிடாரைக் கேட்டால் நம்ம சித்திர வீணை மாதிரியே இருக்கிறதே. ரெண்டும் ஒன்றுதானே?

நல்ல காது உங்களுக்கு. இரண்டிலும் விரலால் தந்தியை அழுத்துவதில்லை. ஒரு துண்டைத் தந்தி மேல் வழுக்கி ஸ்வரத்துக்குப் போகிறார்கள். அந்த வழுக்கல்தான் உங்களுக்கு ஒன்றாகக் கேட்கிறது. ஆனால் சித்திர வீணையில் கட்டையை நகர்த்தினால் அதன் கீழிருக்கும் தந்திகள் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இங்கே நீங்கள் கேட்கிற ஸ்டீல் கிடார் பெரும்பாலும் காலால் மிதிக்கும் பெடல்கள் வைத்த பெடல் ஸ்டீல். அதில் பொதுவாகப் பத்துத் தந்தி. இடது கையில் உள்ள இரும்புத் துண்டு அசையாமல் இருக்கும்போதே ஒரு பெடலை மிதித்தால் இரண்டு தந்தி மட்டும் இழுபட்டுச் சுருதி மாறும். மற்றவை நின்ற இடத்தில் நிற்கும். ஒரு ஸ்வரம் நகர்ந்து இன்னொன்றோடு போய்ச் சேருகிற அந்தக் கணத்தில்தான் நெஞ்சு பிசைகிறது. கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸ் பாடி 1954-ல் வெளிவந்த ஒரு பாட்டில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் இதை வாசித்துக் காட்டினார். அப்புறம் நாட்டில் உள்ள ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லோரும் பெடலுக்கு அலைந்தார்கள்.

கேள்வி: மேலே சொன்னதற்கு மறுப்பு. சித்திர வீணையில் கமகம் முழுவதும் கையில் இருக்கிறது. இங்கே எந்திரம் சுருதியை மாற்றிக் கொடுக்கிறது. இதில் வித்தை எங்கே?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்லியாக வேண்டும். சுருதி எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் பெடல் தீர்மானிக்கிறது. எவ்வளவு மெதுவாகப் போவது, பாதியில் தயங்குவதா, பாடகர் மூச்சு விடும்வரை காத்திருப்பதா, இதெல்லாம் பாதத்தில் இருக்கிறது. வாசிப்பவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இடது பாதம் பெடல்களில், வலது பாதம் ஒலியை ஏற்றி இறக்கும் மிதியில், இரண்டு முழங்காலும் பக்கவாட்டு நெம்புகோல்களில், வலது கை விரல்களில் தந்தியை மீட்ட மாட்டிய நகமுனைகள், இடது கையில் இரும்பு. வீணையில் இருப்பதுபோல் தந்தியை அழுத்தும் மெட்டுக் கம்பிகள் கிடையாது, வெறும் கோடுகள்தான். டிரம் இடிக்கும் மேடையில் காதை மட்டும் நம்பி ஸ்வரத்தைப் பிடிக்கிறார். இதை வித்தை இல்லை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் சித்திர வீணையைவிட இது உசத்தி என்கிறீர்களா?

இல்லவே இல்லை. ராகம் ஒற்றை இழையாக ஓடுகிறது. ஒரு ஸ்வரத்துக்குள்ளேயே எத்தனை அசைவு வேண்டுமானாலும் வைக்கலாம். இங்கே மூன்று ஸ்வரம் ஒன்றாக ஒலிக்கும்போது அதில் ஒன்றை அசைக்கிறார்கள். இரண்டுக்கும் தேவை வேறு, அதனால் கருவியும் வேறாக வளர்ந்தது.

கேள்வி: வழுக்கி வாசிப்பது நம்மிடமிருந்து போனதுதானே?

கன்ட்ரிக்கு வந்தது ஹவாயிலிருந்து. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஜோசப் கெகூகூ கிடாரை இரும்பால் வாசிக்கும் முறையைப் பரப்பினார். 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுக்க ஹவாய் கிடார் மோகம் பிடித்தது. இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: தொப்பி இல்லாமல் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

மாட்டார்கள். மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

புரோக்கன் ஸ்போக்கின் பேர்பெற்ற பண்டம் மாட்டிறைச்சி வறுவல். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: நாஷ்வில்லில் இசை கேட்க எந்த இடம் நல்லது?

அங்கேயே இருப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால்தானே உண்மையான சத்தம்?

தயவுசெய்து வேண்டாம். 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். சின்னக் கூடத்தில் டெலிகாஸ்டர் என்கிற மின்கிடாரும் டிரம்மும் சேர்ந்தால் அதை எளிதில் தொட்டுவிடும். பஞ்சு இயர்பிளக் கூர்மையான ஒலியை அதிகம் விழுங்கிவிடும், ஸ்டீல் மங்கிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் இயர்பிளக் வாங்குங்கள். போன செவி திரும்ப வராது.

கேள்வி: நடனம் சுத்தமாகத் தெரியாது அண்ணா. ஓரமாக நிற்கலாமா?

நில்லுங்கள் தம்பி, ஆனால் ஆடுகளத்துக்குள் நிற்காதீர்கள். ஜோடிகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவார்கள். வேகமாக ஆடுபவர்கள் வெளிவட்டம், மெதுவானவர்கள் உள்வட்டம். பானம் ஏந்திக்கொண்டு குறுக்கே நடந்தால் இடித்துவிடுவார்கள். அவர்கள் ஆடும் டூ ஸ்டெப் நடனம் கஷ்டமில்லை. இரண்டு வேக அடி, இரண்டு நிதான அடி. கச்சேரிக்கு முன்னால் பல கூடங்களில் சொல்லித் தருகிறார்கள், தனியாகப் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம், அந்த ஜாடியை மறக்காதீர்கள். கையில் நோட்டு இல்லையென்றால் பெரும்பாலும் மேடையிலேயே கியூஆர் கோடு ஒட்டியிருக்கும்.

கேள்வி: ஆகஸ்டில் குழந்தைகளோடு வருகிறோம். எந்த இடம்?

ஆஸ்டினுக்குத் தெற்கே நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் உள்ள கிரீன் ஹால். 1878-ல் கட்டிய மரக் கூடம், எல்லா வயதினரும் வரலாம். ஏசி கிடையாது, பக்கத் தட்டிகளைத் திறந்து வைத்துக் காற்றை விடுவார்கள். மதியக் கச்சேரி வேண்டாம், வெயில் தாழ்ந்த பின் போங்கள். குழந்தைகளுக்குக் காதை மூடும் ஹெட்போன் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் நிறைய.