கோடியா, மேயா? – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் நீடாமங்கலத்தில் இருக்கிறேன். கோயில், சாப்பாடு, ஆறு என்று நீங்கள் எழுதுவதைத்தான் வாசித்து வந்தேன். நடுவில் ஒருநாள் மகளோடு வீடியோ கேம் ஆடியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அந்தத் தைரியத்தில் இதைக் கேட்கிறேன்.

என் கணவர் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேம் ஆடுகிறவர். நான் மொபைலில் மிட்டாய் உடைத்ததோடு சரி. "ரெண்டு பேரும் சேர்ந்து ஆடணும்" என்று 'இட் டேக்ஸ் டூ' என்ற வீடியோ கேமை வாங்கினார். அதில் கணவன் கோடி, மனைவி மே. தொடக்கத்திலேயே அவர் கோடியை எடுத்துக்கொண்டார், நான் பெண் என்பதால் எனக்கு மே. ஆறு வாரமாக முதல் கட்டமான கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை, கடைசியில் வரும் கருவிப்பெட்டியிடம் செத்துச் செத்து விழுகிறேன். "குதி, குதி, இப்போ இல்ல, இப்போ" என்று கத்துகிறார், இல்லாவிட்டால் என் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கித் தாண்டிவிட்டுத் திருப்பித் தருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை காபி போட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டு கன்ட்ரோலரையும் மடியில் வைத்துக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார்!

நான் கோடிக்கு மாறிக்கொள்ளலாமா? புதிதாக ஆடுகிறவள் எப்படி ஆட வேண்டும்? இல்லை, வேறு ஏதாவது கேமில் பழகிவிட்டு இதற்கு வர வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

இரண்டு கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்ட மனிதரை நினைத்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் கொஞ்சம் பரிதாபமும் உண்டு, ஏனென்றால் நானும் அப்படி ஆடியவன்தான், அப்புறம் என் மகளிடம் மாட்டிக்கொண்டு உங்களைப் போலவும் ஆனவன்.

கேம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஹேஸ்லைட் என்ற ஸ்வீடன் நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்டது. விவாகரத்துக்கு நிற்கும் கணவனும் மனைவியும், கோடியும் மேயும், மகள் ரோஸின் கண்ணீர் பட்டுச் சின்னப் பொம்மைகளாகிவிடுகிறார்கள். சொந்த வீட்டையும் தோட்டத்தையும் காடுமலை போலக் கடக்க வேண்டும். தனியாளாக ஆட வழியே கிடையாது, திரை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தே இருக்கும். அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதும் இதற்குத்தான் கிடைத்தது. எங்கள் வீட்டில் முதல் நாள் மகள் "அப்பா, உனக்குக் கோடியா, மேயா?" என்று சத்தமாகக் கேட்க, கூடத்தில் படுத்திருந்த என் அம்மா பதறி எழுந்து உட்கார்ந்து, "யாருக்குடி கோடி? யார் போயிட்டா?" என்று கேட்டுவிட்டார். கும்பகோணத்தில் கோடி என்றால் சாவு வீட்டில் போடுகிற புதுத்துணி என்று ஸ்வீடன்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, யார் எதை எடுப்பது. உங்கள் வீட்டில் ஆண் கோடி, பெண் மே என்று முடிவானது, பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் ஆகிறது, யாரும் இரண்டு பேரின் வேலையையும் பார்ப்பதில்லை. கொட்டகையில் கோடியிடம் ஆணி இருக்கிறது, மேயிடம் சுத்தியல் தலை. அவன் ஆணியை எறிந்து பலகையில் பதித்தால்தான் அவள் அதில் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாடி அந்தப் பக்கம் போக முடியும். ஆக, கோடி நின்று குறிபார்க்கிற ஆள், மே பள்ளத்துக்கு மேலே பறக்கிற ஆள். விழுந்து சாகிற வாய்ப்பு யாருக்கு அதிகம்? உங்கள் வீட்டில் வருடக்கணக்கில் ஆடியவர் தரையில் நின்றுகொண்டு, ஆறு வாரம் ஆடியவரைப் பறக்கவிட்டு, பறக்கத் தெரியவில்லை என்று கத்துகிறார். இதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

அதனால் மாறிக்கொள்ளுங்கள், தாராளமாக. மெயின் மெனுவுக்குப் போய் மறுபடி தொடரும்போது ஆளை மாற்றி எடுக்கலாம், ஒருமுறை எடுத்ததோடு கடைசிவரை மாரடிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் கோடி எப்போதும் சுலபம், மே எப்போதும் கஷ்டம் என்றும் நினைத்துவிடாதீர்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் இருவருக்கும் கையில் இருப்பது மாறிக்கொண்டே போகும். அடுத்து வரும் மரத்தில் அவன் பிசினைப் பீய்ச்ச வேண்டும், அவள் தீக்குச்சி எறிந்து அதை வெடிக்க வைக்க வேண்டும், அங்கே இரண்டு பேருக்கும் குறிபார்க்கும் வேலைதான். குயில் கடிகாரத்துக்குள் போனதும் கோடி காலத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிறான், உடைந்த பாலம் அவன் பிடித்திருக்கும்வரை முழுசாக நிற்கும். மே தன் நகல் ஒன்றை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஓடி, தேவைப்படும்போது அந்த இடத்துக்கே பாய்ந்து திரும்புகிறாள். எனக்கு அது பிடிபட மூன்று நாள் ஆனது, மகளுக்கு மூன்று நிமிடம். கடிகாரம் வரை நீங்கள் கோடியாகவே இருங்கள். தோட்டம் வரும்போது மேக்குத் திரும்பிவிடலாம், ஏனென்றால் அங்கே கோடி செடிகொடியாக மாறி நிற்பான், தண்ணீர் பாய்ச்சுவதும் அரிவாள் எடுப்பதும் மேதான். டெல்டாவில் பிறந்துவிட்டு அந்த வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதா?

எப்படி ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஆடுகிறவர்களுக்குக் குதிப்பது கஷ்டமே இல்லை, கேமராதான் கஷ்டம். இடது கட்டைவிரலால் நடக்க வேண்டும், வலது கட்டைவிரலால் பார்வையைத் திருப்ப வேண்டும், இரண்டையும் சேர்த்துச் செய்வது சைக்கிள் பழகுகிற மாதிரி, வருகிற வரைக்கும் வராது. என் மகள் ஆரம்பத்தில் என்னிடம் "அப்பா, சுவரையே ஏன் பார்த்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டாள். செட்டிங்ஸில் கேமரா வேகத்தைக் குறைத்து வையுங்கள். பகையாளி யாரும் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் சும்மா சுற்றிச் சுற்றி ஓடுங்கள், அவர் அவசரப்படுத்தினால் காபி போடச் சொல்லி உள்ளே அனுப்புங்கள்.

கருவிப்பெட்டி மாதிரிப் பெரிய சண்டைகளில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். இந்த கேமில் மூன்று உயிர், ஐந்து உயிர் என்ற எண்ணிக்கை கிடையாது. ஒருவர் செத்தால் பட்டனைப் படபடவென்று அழுத்தி எழுந்து வந்துவிடலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செத்தால்தான் பழைய இடத்துக்குப் போக வேண்டும். அப்படியென்றால் அவர் செத்துக் கிடக்கிற அந்தச் சில விநாடி நீங்கள் அடிக்கவே தேவையில்லை, ஓரமாக ஓடிக்கொண்டிருந்தால் போதும். உயிரோடு நிற்பதும் ஒரு வேலை. நிறையப் பேர் அந்த நேரத்தில்தான் வீரம் காட்டப் போய் சேர்ந்து சாகிறார்கள், அதில் பழைய ஆட்டக்காரர்கள்தான் அதிகம்.

நானும் அப்படி ஆடியவன் என்றேனே, அது தொண்ணூறுகளில், குடவாசலில், டிவியில் கேசட் சொருகி ஆடிய காண்ட்ரா. இரண்டு சிப்பாய்களுக்கும் அதில் திறமை ஒன்றுதான், கால்சட்டை நிறம் மட்டும் வேறு, ஆள் தேர்வு என்பதே இல்லை. ஆனாலும் அருவி ஏறுகிற கட்டத்தில் என் தம்பி தினமும் சாவான். மேலே ஏறுகிறவன் வேகமாக ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே தங்கிவிட்டவன் திரையின் அடிவிளிம்பில் விழுந்து போவான், சுடவே வேண்டாம். அவனைக் கொன்றது நான்தான் என்பது ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை, ஆடத் தெரியாதவன் என்று அவன் மண்டையில் குட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் சரியாக ஆடுவது எப்படி என்பதை அதே வயதில் வயலில் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் நிலம் கொஞ்சம் மேடு. மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்காலில் வந்து நின்றாலும் மடை வழியாக ஏறாது, குறுவை நாற்றங்காலுக்கு இறைகூடை போட்டுத்தான் இறைக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு கயிறு, நடுவில் தகரக் கூடை. அப்பா நல்ல உயரம், கை வலு, சித்தப்பா ஒடிசல். அப்பா தன் வலுவுக்கு இழுத்தால் கூடை சாய்ந்து பாதித் தண்ணீர் வாய்க்காலிலேயே கொட்டிவிடும். அதனால் அவர் சித்தப்பாவின் தோளைப் பார்த்துக்கொண்டே இருப்பார், அது அசைந்ததும்தான் இவர் கயிறு எழும். ஒரு பொழுது முழுக்க இறைத்தாலும் "இழு" என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை, எண்ணிக்கையைக்கூட சித்தப்பாதான் சொல்வார். உங்கள் கணவரை ஒருநாள், ஒரே ஒருநாள், உங்கள் பாதித் திரையைப் பார்த்துக்கொண்டு ஆடச் சொல்லுங்கள். நீங்கள் "ம்" சொன்ன பிறகு ஆணி எறியட்டும், அல்லது மாறிக்கொண்டால், "ம்" சொன்ன பிறகு பறக்கட்டும்.

வாயைக் கட்டுவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். 2011இல் வந்த போர்ட்டல் 2இல் இரண்டு ரோபோக்கள் சேர்ந்து ஆடுகிற பகுதி ஒன்று உண்டு, அதில் ஒரு பட்டனை அழுத்தினால் நாம் காட்டுகிற இடத்தில் கூட்டாளிக்கு ஒரு குறி தெரியும். இங்கே, அதைப் பார், என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், எப்போது குதிப்பது என்பது அவர் பாடு. உங்கள் வீட்டில் பட்டனுக்குப் பதில் சுட்டுவிரலை டிவி பக்கம் நீட்டினால் போதும்.

வேறு கேமில் பழகிவிட்டு வரத் தேவையில்லை. இல்லை, கேமரா தொல்லை தாங்கவே முடியவில்லை என்றால் 2018இல் வந்த அன்ராவல் டூ ஆடிப் பாருங்கள். நூல்கண்டு மாதிரி இரண்டு பொம்மைகள், நடுவில் ஒரே நூல், பக்கவாட்டில் பார்க்கிற ஆட்டம் என்பதால் கேமராவைத் திருப்பும் வேலையே இல்லை, கஷ்டமான இடத்தில் ஒருவரை ஒருவர் சுமந்துகொண்டும் போகலாம். ஹேஸ்லைட்டின் அடுத்த கேம் ஸ்ப்ளிட் ஃபிக்ஷன் 2025இல் வந்துவிட்டது, உங்கள் கணவர் அதன் மேல் கண் வைத்திருப்பார். அதற்குக் கை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும், இதை முடித்துவிட்டு வாங்குங்கள்.

கோடிக்கு மாறுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கொட்டகையிலேயே ஒரு குட்டி ஆட்டம் உண்டு, உங்கள் வீட்டுக்காரர் ஓடிய ஓட்டத்தில் அதைத் தாண்டி வந்திருப்பீர்கள். குழிகளுக்குள்ளிருந்து கோடி தலையை நீட்டி நீட்டி ஒளிவான், மே சுத்தியலோடு மேலே நிற்பாள், தலை தெரிந்ததும் அடிக்க வேண்டும். திரும்பிப் போய் அதைக் கண்டுபிடித்து ஆடுங்கள். கன்ட்ரோலர் பிடுங்கினதுக்கு, கத்தினதுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து எத்தனை அடி விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.