பக்கம் பிரித்த பட்டியலோடு மொத்தக் கணக்கையும் அனுப்புவது: கேள்வி பதில்

பட்டியலைப் பக்கம் பக்கமாக அனுப்பும் ஏபிஐயில் (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தகவல் தரும் வழி) மொத்தத் தொகை போன்ற கூடுதல் தகவலை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்று கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பண்ருட்டி: அக்கா, ஒரு முந்திரி மண்டிக்கு லாராவெலில் (பிஎச்பி மொழியின் ஃபிரேம்வொர்க்) பில்லிங் செய்து கொடுத்தேன். பக்கத்துக்கு 25 பில். மேலே மொத்தத் தொகை காட்ட வேண்டும். முதல் பக்கத்தில் சரியாக வருகிறது, இரண்டாம் பக்கம் போனால் பூஜ்யம். மண்டிக்காரர் விட மாட்டேன் என்கிறார்.

பக்கம் பிரிக்கும் பேஜினேட்டுக்குப் பிறகு அதே குவெரியில் (டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வி) சம், அதாவது கூட்டல், போட்டிருப்பீர்கள். பேஜினேட் அந்தக் குவெரியிலேயே லிமிட்டையும் (எத்தனை வரி வேண்டும்) ஆஃப்செட்டையும் (முதலில் எத்தனை வரியைத் தாண்ட வேண்டும்) ஏற்றிவிட்டுப் போகிறது. அடுத்து வரும் சம், டேட்டாபேஸுக்கு 'தொகையைக் கூட்டு, லிமிட் 25, ஆஃப்செட் 25' என்று போகும். கூட்டலுக்கு விடை ஒரே வரி. அதில் 25 வரியைத் தாண்டச் சொன்னால் என்ன மிஞ்சும்? ஒன்றும் வராததை லாராவெல் பூஜ்யம் என்று தருகிறது. முதல் பக்கத்தில் ஆஃப்செட் 0 என்பதால் தப்பிக்கிறது. டெஸ்டிங்கில் பாதிப் பேர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள், அதனால் மாட்டுவதே இல்லை.

தேதி, வாடிக்கையாளர் என்று ஃபில்டர் எல்லாம் போட்டு முடித்த இடத்தில், பேஜினேட்டுக்கு முன்னாலேயே சம்மை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குவெரியைக் குளோன் செய்து (நகலெடுத்து) அதில் கூட்டுங்கள். பேஜினேட் தந்த விடையின் மேலேயே சம் போட்டுவிடாதீர்கள், அது அந்தப் பக்கத்து 25 பில்லை மட்டும்தான் கூட்டும். எண் நம்பும்படி இருப்பதால் பூஜ்யத்தைவிட அது மோசம்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்: லாராவெலின் ரிசோர்ஸ் கலெக்ஷனில் (பட்டியலை ஏபிஐ பதிலாக மாற்றும் கிளாஸ்) அடிஷனல் மெத்தட் மூலம் மெட்டாவுக்குள் (பக்க விவரங்கள் இருக்கும் பகுதி) டோட்டல் என்று என் தொகையை அனுப்பினேன். ஃபிரன்ட் எண்டில் (பயனர் பார்க்கும் திரைப் பகுதி) டோட்டல் ஓர் அரேயாக (பல மதிப்புகளின் அடுக்கு) வருகிறது, உள்ளே இரண்டு எண்கள். ஏன் அக்கா?

தம்பி, மெட்டாவில் டோட்டல் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, மொத்தம் எத்தனை வரிசை என்பதற்கு. நீ தருவதையும் அதையும் லாராவெல் அரே மெர்ஜ் ரிக்கர்சிவ் என்ற பிஎச்பி ஃபங்ஷனை வைத்துச் சேர்க்கிறது. ஒரே பெயரில் இரண்டு மதிப்பு வந்தால் அது பழையதை அழிக்காது, இரண்டையும் அரேயாக அடுக்கிவிடும். கரன்ட் பேஜ், பெர் பேஜ், ஃப்ரம், டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மெட்டாவுக்கு வெளியே சம்மரி என்று தனிச் சாவி (கீ) வைத்து, உன் தகவலை அதற்குள் போடு. மெட்டாவை ஃபிரேம்வொர்க்குக்கே விட்டுவிடுவதுதான் நிம்மதி.

திருப்பாதிரிப்புலியூர்: மொத்தம் அனுப்பும் இதையே ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் (பைத்தானில் ஏபிஐ எழுத உதவுவது) செய்ய?

பேஜ் நம்பர் பேஜினேஷனை இன்ஹெரிட் செய்து ஒரு கிளாஸ் எழுதுங்கள். வழக்கமாக கவுண்ட், நெக்ஸ்ட், ப்ரீவியஸ், ரிசல்ட்ஸ் என்று நான்குதான் போகும். கெட் பேஜினேட்டட் ரெஸ்பான்ஸ் மெத்தடை மாற்றி ஐந்தாவதைச் சேர்க்கலாம். ஆனால் அங்கே வரும் டேட்டா ஒரு பக்கத்துடையது, அதை வைத்துக் கூட்டாதீர்கள். பேஜினேட் குவெரிசெட் மெத்தடுக்குத்தான் ஃபில்டர் ஆன முழு குவெரிசெட்டும் வருகிறது. அக்ரிகேட்டை (மொத்தக் கணக்கை) அங்கே எடுத்து செல்ஃபில் வைத்துவிட்டு, பிறகு சூப்பரை, அதாவது மூல கிளாஸின் அதே மெத்தடைக் கூப்பிடுங்கள்.

புதுச்சேரி, மிஷன் வீதி: கெஸ்ட் ஹவுஸ் அறைகளின் பட்டியல். வாடகை ஸ்லைடருக்காகக் குறைந்த வாடகையும் அதிக வாடகையும் அனுப்புகிறோம். பயனர் ஸ்லைடரை இழுத்ததும் அதன் எல்லையே சுருங்கிவிடுகிறது, திரும்பப் பெரிதாக்க முடியவில்லை.

மொத்தத் தொகை என்றால் எல்லா ஃபில்டரும் போட்ட பிறகு கணக்கிட வேண்டும். ஸ்லைடருக்கு அது பொருந்தாது. தேதி, ஏசி, எத்தனை பேர் என்ற ஃபில்டர்கள் இருக்கட்டும், வாடகை ஃபில்டரை மட்டும் விட்டுவிட்டு மின், மேக்ஸ் எடுங்கள். குவெரி எழுதும்போது வாடகை நிபந்தனையைக் கடைசியில் வைத்தால் அதற்கு முன் ஒரு குளோன் போதும்.

அவரே: இவற்றை ஹெடரில் (பதிலோடு தனியாகப் போகும் தலைப்பு வரிகள்) அனுப்பலாமா?

எண்ணிக்கை போன்ற ஒன்றிரண்டுக்குச் சரி. ஃபிரன்ட் எண்ட் வேறு டொமைனில் இருந்தால், ஆக்சஸ் கன்ட்ரோல் எக்ஸ்போஸ் ஹெடர்ஸில் அந்தப் பெயரைச் சேர்க்காதவரை பிரவுசர் அதை ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டாது. நெட்வொர்க் டேபில் தெரியும், கோடில் நல் வரும். பட்டியல் போகும் ஜேசனிலேயே அனுப்பிவிடுங்கள்.

கடலூர் முதுநகர்: லாராவெலில் பேஜினேட்டுக்குப் பிறகு மேப் போட்டு ஒவ்வொரு வரியிலும் ஒரு ஃபீல்டு சேர்த்தேன். லிங்க், மெட்டா எல்லாம் காணோம்.

மேப் வெறும் கலெக்ஷனை, அதாவது பக்க விவரம் இல்லாத பட்டியலை மட்டும், திருப்பும். அதற்குப் பதில் த்ரூ என்ற மெத்தடைப் போடுங்கள், பேஜினேட்டர் அப்படியே இருக்கும். அடுத்த பக்க லிங்கில் தேதி ஃபில்டர் விடுபட்டுப்போனால் வித் குவெரி ஸ்ட்ரிங் மெத்தடையும் சேருங்கள்.

வில்லியனூர்: எங்களிடம் பல லட்சம் வரிசை. ஒவ்வொரு பக்கத்துக்கும் சம் ஓடி எல்லாம் இழுக்கிறது.

பக்கம் மாறினால் மொத்தம் மாறாது, ஃபில்டர் மாறினால்தான் மாறும். எனவே மொத்தத்துக்குத் தனி யூஆர்எல் கொடுங்கள். ஃபிரன்ட் எண்ட் ஃபில்டர் மாறும்போது மட்டும் அதைக் கூப்பிடட்டும். பட்டியல் உடனே திரையில் வந்துவிடும், தொகை கொஞ்சம் பின்னால் வரட்டும். இரண்டு யூஆர்எல்லும் ஒரே ஃபில்டர் ஃபங்ஷனைப் பயன்படுத்த வேண்டும். காப்பி பேஸ்ட் செய்து வைத்தால் ஒருநாள் ஒன்றை மட்டும் மாற்றுவீர்கள், தொகையும் பட்டியலும் ஒத்துப்போகாது. பேஜினேட்டே தன் பங்குக்கு ஒரு கவுண்ட் ஓட்டுகிறது என்பதையும் பாருங்கள். பக்க எண்கள் தேவையில்லை, அடுத்தது முந்தையது போதும் என்றால் லாராவெலின் சிம்பிள் பேஜினேட்டுக்கு மாறினால் அந்தக் கவுண்டும் போய்விடும்.