தெரியாமல் குடித்த மருந்துக்காக விளையாட்டு வீரருக்குத் தடை போடுவது நியாயமா?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஊக்கமருந்து நோட்டீஸ் வந்திருக்கும் போலிருக்கிறது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

உடம்பில் தடை மருந்து இருந்தாலே குற்றம், அதுதான் விதி. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்கத்தான் உதவும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாது என்றால் விட்டுவிடுவார்கள் என்றிருந்தால், ஊசி போட்டவனும் அதையேதான் சொல்வான்.

எங்களுக்குப் பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை. அக்கா மகன் 800 மீட்டர் ஓடுபவன். தேசியப் போட்டிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து நெஞ்சுச்சளி. மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல், "இருமலுக்கு இதுதான் கேக்கும் தம்பி, மூணு வேளை குடி" என்று ஒரு சிரப்பை எடுத்துக் கொடுத்தார்கள். லேபிளில் பொடி எழுத்தில் டெர்பியூட்டலின் என்று இருந்தது. நம் ஊர் இருமல் மருந்துகள் பலவற்றில் இருப்பதுதான். ஆனால் வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) பட்டியலில் அதற்குப் போட்டி நாள் என்றில்லை, எல்லா நாளும் தடை.

ஓடி முடித்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூட்டிப்போய், 90 மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் வாங்கி, அவன் கையாலேயே ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் (பி மறுசோதனைக்கு) ஊற்றி மூட வைத்தார்கள். ஏழு நாளுக்குள் சாப்பிட்ட மருந்தையெல்லாம் எழுதச் சொல்லும் படிவத்தில் சிரப்பின் பெயரை அவனே எழுதினான். மருந்து போட்டுத்தான் ஜெயித்தான் என்று கமெண்டில் எழுத வருபவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்: ஒளிக்கிறவன் எழுதிக் கொடுப்பானா? நோட்டீஸ் வந்த அன்று, "மாமா, நாந்தான் எழுதியே குடுத்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

இந்த வகை மருந்துக்கு வழக்கமாக 2 ஆண்டுத் தடை. கவனக்குறைவு பெரிதில்லை என்று நிரூபித்தால் வெறும் எச்சரிக்கையோடும் விடலாம். அவனுக்கு ஓராண்டு கொடுத்தார்கள். பதக்கமும் போனது.

டென்னிஸ் வீரர் சின்னரின் மாதிரியில் க்ளோஸ்டெபால் என்ற தடை செய்த ஸ்டீராய்டு வந்ததே, அதில் 2025 பிப்ரவரியில் வாடாவே சமரசம் பேசி 3 மாதத் தடையோடு முடித்தது. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மருந்து எந்த ஸ்ப்ரேயிலிருந்து, யார் கை வழியாக உடம்புக்குள் வந்தது என்று நிரூபிக்க அவருக்கு நல்ல வக்கீல்கள் இருந்தார்கள். எங்களுக்கு யார் இருந்தார்கள்? 2022இல் நம் நாட்டில் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்தது. நாடாவின் (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) வேலையில் அந்தச் சட்டம் அமைத்த தேசிய வாரியம் தலையிட முடிவதை வாடா ஆட்சேபித்ததால் 2025இல் திருத்தினார்கள். எல்லாம் டெல்லி விஷயம். எங்கள் வேலந்தாவளம் பக்கம் ஓடுகிற பிள்ளைக்கு அந்தப் பட்டியலைத் தமிழில் சொல்லித்தர இன்றுவரை ஒருவரும் வந்ததில்லை.

  

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பி புட்டியைச் சோதிக்க வேண்டுமா என்பதையும் அதற்குள்ளேயே முடிவு செய்யுங்கள். மருந்து புட்டி, பில், டாக்டர் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். மாதிரி கொடுத்த அன்று தந்த படிவ நகலைத் தேடி எடுத்து, மருந்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.