கடைகளுக்கான திறந்த மூல பில் மென்பொருளுக்கு நன்கொடையே வருவதில்லை. வேறு என்ன வழி?

மருதமுனை, கல்முனைப் பக்கம் இருபது கைத்தறி, பலசரக்குக் கடைகள் உங்கள் மென்பொருளைப் பாவிக்கின்றன, நிரலாளர்கள் நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நன்கொடைக்கான ஸ்பான்சர் பட்டன் போட்டு ஆறு மாதமாக ஒருவரும் அழுத்தவில்லை என்கிறீர்கள்.

அழுத்தமாட்டார்கள். பட்டன் கிட்ஹப்பில் இருக்கிறது, முதலாளி கல்லாவில் இருக்கிறார். நிரலாளர்களே பாவிக்கும் கருவிகளுக்குக்கூட நன்கொடை பெரிதாக வருவதில்லை. இணையத் தகவலைப் பூட்டி அனுப்ப பாதி இணையமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல நிரலுக்கு, 2014இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவரும்வரை, ஆண்டுக்குச் சுமார் 2,000 டொலர்தான் கிடைத்தது.

நிரல் இலவசமாகவே இருக்கட்டும், உழைப்புக்குக் காசு வாங்குங்கள். ஜிபிஎல் போன்ற திறந்த மூல உரிமம் அதைத் தடுப்பதில்லை. கடைக்காரரின் பெரிய தலையிடி தமிழ்ப் பில்தான். மலிவான தெர்மல் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கிறுக்கல்தான் வரும். ஒவ்வொரு வரியையும் படமாக்கி அனுப்ப வேண்டும்: 58 மிமீ தாளுக்கு 384 புள்ளி அகலம், 80 மிமீக்குப் பெரும்பாலும் 576. அகலம் பிழைத்தால் விலைப் பத்தி வெட்டுப்படும். எழுத்துகளையும் குறிகளையும் சரியான இடத்தில் கோக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் நூலகத்தைப் பாவிக்காவிட்டால் 'கொத்தமல்லி'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதைப் பொருத்த ஒரு தொகை, பிறகு பராமரிப்புக்கு ஆண்டுக்கு ஒரு தொகை என்று பேசுங்கள். எத்தனை தடவை கடைக்கு வருவீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தாள் சிக்கினாலும் உங்களுக்குத்தான் அழைப்பு வரும்.

புது வசதிக்குத் தனி விலை. அந்த நிரலும் பொதுவில் சேரும் என்று முற்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். "நான் காசு கொடுத்துச் செய்வித்ததைப் பக்கத்துக் கடைக்கு எப்படிக் கொடுப்பீர்?" என்ற சண்டை இங்கே நிச்சயம். பிற்காலத்தில் வணிக உரிமமும் (திறந்த மூல நிபந்தனை இல்லாமல் பாவிக்கும் அனுமதி) விற்கும் எண்ணமிருந்தால், அவரவர் எழுதியது அவரவர் உரிமை என்பதால், நிரல் எழுதித் தருவோரிடம் இப்போதே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நாலு வருடம் கழித்து ஆளைத் தேட முடியாது.

மானியம் பில் மென்பொருளுக்குக் கிடைப்பது கடினம். தமிழ் அச்சுப் பகுதியை மட்டும் தனி நூலகமாகப் பிரித்தால் கேட்டுப் பார்க்கலாம். திறந்த மூல வேலைகளுக்கு மானியம் தரும் நெதர்லாந்தின் என்எல்நெட் போன்ற அமைப்புகள் வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்த பிறகே காசு தரும். அதுவரை சாப்பாட்டுக்கு வேறு வழி வேண்டும்.

வெளிநாட்டுக் காசுக்குப் பேபாலை நம்பித் தொடங்காதீர்கள். இலங்கைக் கணக்கால் நெடுங்காலம் அனுப்பத்தான் முடிந்தது, பெற முடியவில்லை. ஓப்பன் கலெக்டிவ் என்ற நிதி திரட்டும் தளத்தில், திறந்த மூலத் திட்டங்களுக்காகக் காசைப் பெற்று வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பு 10% கழித்துக்கொண்டு மீதியை வைஸ் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக வங்கிக்கு அனுப்பும். வங்கியில் முதலெழுத்தோடும் கடவுச்சீட்டில் முழுமையாகவும் பெயர் இருந்தால் காசு இடையில் நிற்கலாம். முதலில் வங்கிக்குப் போய் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.